ரேம் தீர்ந்தால் டேட்டாபேஸ் சாகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 4 ஜிபி ரேம் உள்ள உபுண்டு சர்வரில் மரியாடிபி டேட்டாபேஸும் பிஎச்பியும் ஓடுகின்றன. ராத்திரி 2 மணிக்குப் படங்களைச் சுருக்கும் ஸ்கிரிப்ட் (நான் எழுதியதுதான், யாரைக் குறை சொல்ல?) கிளம்பினால் ரேம் நிரம்பி, கெர்னலின் ஓஓஎம் கில்லர் (ரேம் தீர்ந்தால் அதிகம் தின்னும் பிராசஸாகப் பார்த்து நிறுத்துவது) டேட்டாபேஸைக் கொன்றுவிடுகிறது. ஸ்கிரிப்ட் பத்துப் பன்னிரண்டு குட்டி பிராசஸ்களாகப் பிரிந்து தின்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னது. டேட்டாபேஸோ ஒரே பிராசஸாக 1.5 ஜிபி. தின்பது ஒருவன், அடிபடுவது இன்னொருவன்!

சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியில், டேட்டாபேஸின் யூனிட் (அமைப்புக் கோப்பு) உள்ளே 'ஓஓஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட்' மதிப்பை -900 ஆக்கினேன் (எண் குறையக் குறைய கில்லர் தொடும் வாய்ப்பு குறையும்). டேட்டாபேஸ் பிழைத்தது, மறுநாள் பிஎச்பி போனது. -1000 வைத்தால் கில்லர் தொடவே தொடாது, தெரியும். ஆனால் ஒருநாள் டேட்டாபேஸே ரேமை விழுங்க ஆரம்பித்தால் மற்றதெல்லாம் சாகுமே என்று பயம்.

ஸ்கிரிப்டுக்கு 1000 கொடுத்து அதையே பலியாடு ஆக்கலாமா? இல்லை, அதன் யூனிட்டில் 'மெமரிமேக்ஸ்' போட்டு 1 ஜிபிக்குள் கட்டிவைப்பது நல்லதா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. கூடவே 2 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) சேர்த்தால் சர்வர் நத்தையாகிவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கெர்னல் லாக் வேண்டுமென்றால் கமெண்டில் போடுகிறேன்.