பெருங்குடல் அழற்சியோடு பயணம்: வழியில் சந்தித்த மனிதர்கள்

பொருநை:

எனக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ், அதாவது பெருங்குடல் அழற்சி, இருப்பது இந்த ஆண்டுதான் உறுதியானது. அதற்கு முன் பல மாதங்கள் மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்றார்கள், உடம்புச் சூடு என்றார்கள், கருணைக்கிழங்கு சாப்பிடச் சொன்னார்கள். கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை செய்து, சதைத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்பிய பிறகே பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகிக் கிடப்பது தெரிந்தது. இப்போது அழற்சியைக் குறைக்கும் மெசலமின் மாத்திரை, அதோடு படிப்படியாகக் குறைத்துவரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு.

வேலை சென்னையில், ஊர் அம்பாசமுத்திரம். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. பஸ்ஸை நினைக்கவே பயமாக இருந்தது. கிளாம்பாக்கத்தில் ஏறினால் டிரைவர் நிறுத்துகிற இடத்தில்தான் இறங்க முடியும். வயிறு முறுக்க ஆரம்பித்தால் இந்த நோய் அவ்வளவு நேரம் தராது. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தேன். பெட்டியின் நடுவில் மேல் படுக்கை கிடைத்தது.

டிக்கெட் பரிசோதகர் வந்ததும் டாக்டர் சீட்டை நீட்டி, "குடலில் புண் இருக்கிறது சார், ராத்திரி பல தடவை எழுந்து போக வேண்டியிருக்கும்" என்றேன். சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவர் சீட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கதவை ஒட்டிய பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இருந்த கல்லூரிப் பையனிடம் அவரே போய்ப் பேசினார். அந்தத் தம்பி மறுபேச்சின்றிப் பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டான்.

விடியற்காலையில் கோவில்பட்டி தாண்டும்போது அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணா, எங்கள் சித்தப்பாவுக்கும் ரத்தம் போகிறது. வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். எந்த டாக்டரிடம் காட்ட வேண்டும்?" குடல், இரைப்பை மருத்துவர் என்று தனியாக இருக்கிறார், தள்ளிப் போடாமல் கூட்டிப் போ என்றேன். நான் அன்று குரலைத் தாழ்த்திப் பேசியிருந்தால் அவன் கேட்டிருக்கவே மாட்டான். உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

நொய்யல்:

தம்பி, படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. எனக்கு இது பழைய நோய். மாத்திரைகள் போதாமல் போய் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அடலிமுமாப் ஊசி போட்டுக்கொள்கிறேன். அதைத் தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, உள்ளே காசநோய் உறங்குகிறதா என்று பார்த்தார்கள். நம் நாட்டில் இந்தச் சோதனையை விடவே கூடாது.

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது ஊசியோடு போக வேண்டியிருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து. குளிர்ப்பையில் ஜெல் கட்டிகளை வைத்து, ஊசிப் பெட்டி அவற்றில் நேராகப் படாதபடி துண்டு சுற்றினேன். சூடு ஏறினாலும் கெடும், உறைந்துபோனாலும் வீண். கீழே ஏற்றிவிடும் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் போய்விடும்.

பாதுகாப்புச் சோதனையில் இருந்த பெண் அதிகாரி குளிர்ப்பையைத் திறக்கச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் கடிதம், மருந்துச் சீட்டு, கடைப் பெயர் ஒட்டிய பெட்டி, எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அவர் கடிதத்தை நிதானமாக வாசித்தார். "நீங்களே குத்திக்கொள்வீர்களா அம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "பத்திரமாகப் போய் வாருங்கள்" என்று அவரே துண்டைச் சுற்றி, அதே மாதிரி உள்ளே அடுக்கிக் கொடுத்தார்.

கஷ்டம் எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். சம்பந்தி அம்மா நல்ல மனசுக்காரர். கீரையும் சுண்டலும் போட்டு, "ஒரு வாய்தானே" என்பார். நோய் கொதிக்கும் நாட்களில் எனக்கு நார்ச்சத்து ஒத்துக்கொள்ளாது. இட்லி, தயிர் சாதம், குழைய வேகவைத்த கேரட் என்று ஓட்டுவேன். அடங்கியிருக்கும்போது எல்லாமே சாப்பிடுகிறேன். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஆகாது, அதனால் என் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்பாகக் கொடுப்பவரிடம் மறுக்கத்தான் எனக்கு இன்றும் வார்த்தை வருவதில்லை.

ஒன்று முக்கியம் தம்பி. பிரெட்னிசோலோனை டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. பயணத்தில் மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். முதுகு வலி, தலைவலி என்று கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் கொடுத்தால் வாங்காதீர்கள், அவை குடலைக் கிளறிவிடக்கூடும்.

ஓர் அப்பா:

என் மகளுக்குக் கிரோன் நோய். இதுவும் குடல் அழற்சிதான், ஆனால் சிறுகுடலிலும் வரும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண் இருந்ததால் முதலில் குடல் காசநோய் என்று நினைத்து அதற்கான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பிரித்தறிவது டாக்டர்களுக்கே கடினம் என்று பிறகு புரிந்தது. அந்த மாதங்களில் குழந்தை இளைத்துப் போனதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஊட்டிக்குக் காரில் போனோம். சத்தியமங்கலம் பக்கம் அவளுக்கு அவசரம். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் நுழைந்த இடத்தில் பூட்டியிருந்தது. சாவி முதலாளியிடம் இருக்கிறது என்றார் ஓர் ஆள். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பெண் என் மகளின் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டார். குழாயை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, "வா கண்ணு" என்று ஊழியர்களின் அறைக்கு அழைத்துப் போனார். வெளியே கதவருகில் தண்ணீர் வாளியோடு அவரே காவல் நின்றார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. மலை ஏறும்வரை மகள் பேசவே இல்லை. பிறகு, "அப்பா, அந்த அக்கா ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை" என்றாள்.

முத்துநகர்:

கப்பல் வேலையில் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் பல துறைமுகங்களில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. நான் குடல் அழற்சிக்காக அசதயோபிரின் மாத்திரை எடுக்கிறேன். நோய் எதிர்ப்புச் சக்தியை அது அடக்கிவைக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். "உங்களுக்குப் போடக் கூடாது" என்று சொல்லி, விலக்குச் சான்றிதழ் பற்றியும் விளக்கினார். அதை ஏற்பதா இல்லையா என்பது போகிற நாட்டின் முடிவு என்றும் எச்சரித்தார். கம்பெனியில் பேசிக் கிழக்காசியத் தடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். பொருநை தம்பி, வெளிநாட்டுப் பயணம் வந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.