மாத்திரை உண்ணாமல் பொதுமேடைக்கு வருவது சரியா?

கேள்வி:
நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், 1991-இல் தமக்குப் பார்கின்சன் நோய் (நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் நரம்பு நோய்) என்று அறிந்தும் 1998 வரை அதை வெளியில் சொல்லவில்லை என்றும், மறு ஆண்டே அமெரிக்க செனட் குழுவின் முன் மாத்திரை உண்ணாமல் சாட்சியம் அளித்தார் என்றும் படித்தேன். இது மிகைப்படுத்தல் ஆகாதா?

மறுமொழி 1:
ஆகாது என்பதே என் கருத்து. மாத்திரை வேலை செய்கிற சில மணி நேரத்தைத்தான் வெளியார் காண்கிறார்கள்; சட்டைப் பொத்தானோடு போராடும் காலைப்பொழுது வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

மறுமொழி 2:
2006-இல் ஒரு தேர்தல் விளம்பரத்தில் அவர் உடல் ஆடியதைக் கண்ட வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, மாத்திரையை விட்டிருப்பார் அல்லது நடிக்கிறார் என்று பழித்தார். உண்மையில் அத்தகைய நெளிவு, இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மருந்தை நெடுங்காலம் உட்கொள்வதால் வரும் பக்கவிளைவு; மருந்து இல்லாதபோதோ நடுக்கம் கூடும், உடல் இறுகும், முகம் அசைவற்றுப் போகும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. என் தந்தையை உள்ளூர்த் தொலைக்காட்சி பேட்டிக்கு அழைத்திருப்பதால்தான் கேட்டேன். மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. கை நடுங்கினால் நடுங்கட்டும், கேமராவை விலக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.