நீம்ரானா கோட்டையில் ஓர் இரவு

குழு: எங்கள் குடும்பம்

அத்தை: சுரேஷ், டிசம்பரில் நாங்கள் டெல்லிக்கு வரும்போது, நீ போன வாரம் தங்கிவிட்டு வந்த நீம்ரானா கோட்டைக்கு எங்களையும் அழைத்துப் போகப் போவதாக மாமாவிடம் சொன்னாயாமே. ராஜஸ்தான் வரை போய் ஒரு பழைய கோட்டையில் படுத்து எழுந்து வருவதில் அப்படி என்ன இருக்கிறது? மாமாவின் முழங்கால் வலியும் உனக்குத் தெரியும்.

சுரேஷ்: முழங்காலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அத்தை. டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர்தான். கோட்டை ஒரே கட்டடமாக நிற்காமல், குன்றின் சரிவில் முற்றம், மாடம், மொட்டைமாடி, மறுபடியும் முற்றம் என்று அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் அறையின் சுவர் அவ்வளவு தடிமனாக இருந்ததால், அதன் அகலத்துக்குள்ளேயே சன்னலோரம் திண்ணை போல ஓர் இருக்கை அமைந்திருந்தது. காலையில் கல் சாளரத்தின் துளைகள் வழியே வந்த வெயில், தரையில் கோலப் புள்ளிகளாக விழுந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் கால் வரை நகர்ந்து வந்தது. பகலில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது கிடைக்காது.

பெரியப்பா: 1192இல் தராயின் போரில் வீழ்ந்த ராஜபுத்திர அரசர் பிருத்விராஜ் சௌகானின் வழிவந்தவர்கள் 1464இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அந்தச் சௌகான்களிடம் தோற்றுப்போன நிமோலா மேவ் என்ற உள்ளூர்த் தலைவன், தான் இழந்த மண்ணுக்காவது தன் பெயர் நிலைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால்தான் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்று அங்கே சொல்வார்கள். வென்றவன் அதற்கு இணங்கினான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அத்தை: எல்லாம் சரிதான், அண்ணா. ஆனால் அத்தனை பழைய இடத்தை விடுதியாக்கினால் அதன் பழமை கெட்டுப்போகாதா? அரசாங்கமே வைத்துப் பாதுகாத்திருக்கலாமே.

பெரியப்பா: நியாயமான கேள்விதான், அம்மா. ஆனால் சுவர்கள் இடியத் தொடங்கியதால் 1947இல் அரசர் குடும்பமே வெளியேறிவிட்டது. அதன் பிறகு நாற்பது ஆண்டு காலம் வாங்க ஆளில்லாமல் அது பாழாகிக் கிடந்தது. 1986இல் அமன் நாத்தும் பிரெஞ்சுக்காரரான பிரான்சிஸ் வாட்சியார்க்கும் வாங்கிப் புதுப்பித்து, 1991இல் விடுதியாகத் திறந்தார்கள். ஆள் புழங்காத வீடு எப்படி ஆகும் என்று நம் ஊர் வீட்டிலேயே பார்த்தோம் அல்லவா? விருந்தினர் தரும் பணத்தில்தான் அந்தக் கூரையும் சுவரும் இன்று நிற்கின்றன.

சுரேஷ்: பழமை அப்படியே இருக்கிறது என்று நானும் சொல்ல மாட்டேன், அத்தை. குளியலறை, மின்விளக்கு எல்லாம் புதிதாகச் சேர்ந்தவை. பிற்காலத்தில் கட்டிச் சேர்த்த பகுதிகளும் இருக்கின்றன. ஆனாலும் ஓர் அறையைப் போல இன்னோர் அறை இல்லை. அவரவர் தேவைக்கேற்ப வளர்ந்த பழைய வீட்டின் கோணல்களை நிமிர்த்தாமல் விட்டிருப்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பக்கத்தில் ஒன்பது அடுக்குப் படிக்கிணறு ஒன்று இருக்கிறது. அதை மேலிருந்து பார்த்தாலே போதும்.

இனி முழங்கால். கோட்டைக்குள் படிகளும் கரடுமுரடான சரிவுகளும் ஏராளம். சாப்பிடப் போவதற்கே ஏறி இறங்க வேண்டியிருக்கும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் பேசி, வாசலிலிருந்து எத்தனை படி, உணவுக்கூடத்துக்கு எத்தனை படி என்று எண்ணிக்கையாகவே கேட்டு, கீழ் அடுக்கில் அறை கிடைத்தால் மட்டும் பதிவு செய்கிறேன். கிடைக்காவிட்டால் பகலில் மட்டும் போய் வருவோம்.

அத்தை: அப்படியே செய், தம்பி. சன்னலோரத் திண்ணை உள்ள அறையா என்றும் கேட்டுக்கொள். நீ எழுதியதில் அந்த இடத்தை மட்டும் மாமா இரண்டு முறை படிக்கச் சொன்னார்.