வாங்கிய மின்வழிகாட்டி திறக்கவில்லை, உதவி தேவை

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து இங்குள்ள நேட்டால் பகுதிக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பதிவேடுகளைப் படிக்க உதவும் மின்வழிகாட்டி ஒன்றைப் போன வாரம் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினேன். கொள்ளுத்தாத்தாவின் குடியேற்ற எண் கையில் இருக்கிறது. அவர் ஊர் எது, எந்தத் தாலுகா என்று எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டும்.

வந்தது பிடிஎஃப் இல்லை, ஏசிஎஸ்எம் என்ற சின்ன உரிமக் கோப்பு. விண்டோஸ் 10 மடிக்கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் 4.5 என்ற மின்நூல் மென்பொருளில் திறந்தால், வேறொரு பயனர் ஏற்கெனவே பெற்றுவிட்டார் என்று பிழை காட்டுகிறது. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன், கணினியை அடோபி கணக்கோடு இணைக்கும் அனுமதியை அழித்துப் புதிதாகக் கொடுத்தேன், அப்புறம் ஆண்ட்ராய்டு போனிலும் பார்த்தேன். அதே பிழைதான். விற்றவர்கள் மின்னஞ்சலுக்குப் பதிலே தரவில்லை.

இதே கோப்பை என் அடோபி கணக்கில் திறக்க வழி இருக்கிறதா, இல்லை விற்றவர்கள் புது இணைப்பு அனுப்பினால்தான் உண்டா?