எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசல்ல நின்ன அனுபவம்: வடசென்னைக்காரங்க சொல்லுங்க

லேத்துப் பட்டறை:
எந்தத் தொகுதி, எந்தக் கட்சின்னு சொல்லமாட்டேன். சொன்னா பேச்சு அந்தப் பக்கம் போயிடும்.

எங்க தெரு அடிபம்புல சாக்கடை வாடை. கவுன்சிலர் வந்தாரு, மோந்து பார்த்தாரு, "ஆமா, நாறுது"ன்னாரு. தண்ணி ஆபீசுல புகார் நம்பர் குடுத்தாங்க, அதோட சரி. மூணாவது வாரம் தெருவே திரண்டு காலைல ஏழு மணிக்கு எம்.எல்.ஏ. ஆபீஸ் போனோம். எங்களுக்கு முன்னாடியே நாப்பது பேர். பென்ஷன் நின்னுபோன ஆயா, கல்யாணப் பத்திரிகையோட ஒரு குடும்பம், பையன ஸ்டேஷன்ல வச்சிருக்காங்கன்னு அழுத அம்மா, ஸ்கூல் சீட்டுக்கு லெட்டர் பேடுல கையெழுத்து கேட்டு ஒருத்தர். பாதி வேலை அவரோட வேலையே இல்ல. ஆனா ஒருத்தரையும் அப்படிச் சொல்லி அனுப்பல.

எங்க முறை வந்ததும் யாருக்காவது போன் போட்டுத் திட்டுவாருன்னு எதிர்பார்த்தோம். "மனு எங்க?"ன்னாரு. எங்ககிட்ட கூச்சல்தான் இருந்துச்சு. "எந்த வீட்டுல, எந்த நாள், எத்தனை மணிக்கு நாறுது? எழுதிக் குடுங்க." எனக்குக் கோபம் வந்துடுச்சு. வீட்டுக்கு வந்து பொம்பளைங்கதான் நோட்டு போட்டு ஒரு வாரம் எழுதினாங்க. எழுதின பிறகுதான் தெரிஞ்சுது, ஒரு பக்கத்து வீடுங்கள்ல மட்டும்தான் வாடை, அதுவும் மழைநீர் வடிகால் புதுசா தோண்டின பக்கம். வடிகால் போட்டது ஒரு துறை, குழாய் இன்னொரு துறை. அவங்கமேல இவங்க, இவங்கமேல அவங்க. எம்.எல்.ஏ. செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு இன்ஜினியரையும் ஒரே நாள் காலைல, ஒரே குழி பக்கத்துல நிக்கவச்சாரு. கவுன்சிலரால அது முடியல.

ரிட்டயர்ட் டீச்சர்:
அந்தக் குழிக்கு மறுபக்கம் கோட்டையில இருக்கு. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஒரு முறை சட்டமன்றப் பார்வையாளர் மாடத்துல உட்கார்ந்திருந்தேன். போன் எல்லாம் வெளியிலேயே வாங்கிட்டாங்க. சபாநாயகர் ஒரு குறள் படிச்சார், கேள்வி நேரம் ஆரம்பிச்சுது. எங்க உறுப்பினர் எழுந்தார். தலைவருக்கு நன்றி, அமைச்சருக்கு நன்றி, கடைசியா ஒரு வரி கேள்வி, எங்க பக்கத்து ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் வருமான்னு. "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." பிள்ளைகள் சிரிச்சுட்டாங்க, காவலர் முறைச்சார்.

பிறகு ஒரு பள்ளி விழாவில அவர்கிட்டயே நேரா கேட்டேன், இதுக்குத்தானா போறீங்கன்னு. "டீச்சர், நான் கேள்வி குடுத்தா அமைச்சருக்குப் பதில் தயார் பண்ண ஒரு அதிகாரி அந்த கேட்டுக்கு வந்து பார்த்து எழுதியாகணும். எனக்கு வேண்டியது அந்த ஃபைல்தான்." பாலம் இன்னும் வரல. ஆனா இப்ப கேள்வி நேரத்தை நேரலையில பார்க்கறப்போ (2022-லிருந்து காட்டறாங்க) அந்த வரியைக் கேட்டு நான் சிரிக்கறதில்ல.

போர்டு வீடு மூணாவது மாடி:
ரெண்டு பேரும் நல்லா பேசுறீங்க, என்னுதையும் கேளுங்க. எங்க நைனா செத்தப்போ எம்.எல்.ஏ. மாலையோட வந்தாரு, ராத்திரி கானா பாடறவங்க பக்கத்துலயே அரைமணி நேரம் குந்திக்கினு இருந்தாரு. மிக்ஜாம் புயல் வந்தப்போ, 2023 டிசம்பர்ல, ரேஷன் கார்டு இல்லாதவங்களுக்கு அந்த 6,000 ரூபா நிவாரணத்துக்கு அவரு ஆளுங்கதான் வாசல்ல மேஜை போட்டு ஃபாரம் எழுதிக் குடுத்தாங்க. அத்த மறக்கமாட்டேன். ஆனா அரசாங்க போர்டு குடுத்த இந்த வீட்டுக்கு விற்பனைப் பத்திரம் கேட்டு ரெண்டு வருஷமா நடக்கறேன். போறப்பல்லாம் "பார்த்துக்கலாம்மா"தான். சாவுக்கு வர்றவரு பத்திரத்துக்கு வரமாட்டேங்கறாரே, அது இன்னா கணக்கு?

புதுசு:
வருஷத்துக்கு 3 கோடி தொகுதி நிதி இருக்குல்ல? அதுல குழாயை மாத்த வேண்டியதுதானே?

லேத்துப் பட்டறை:
தம்பி, அது தொகுதி முழுசுக்கும். அங்கன்வாடி, ரேஷன் கடை, நிழற்குடைன்னு போட்டு அவர் பேரை எழுதறதுக்குள்ள கரைஞ்சுடும். பெரிய வேலைன்னா அரசாங்கத் திட்டத்துலதான் நுழைக்கணும். 2022-ல முதலமைச்சர் 234 தொகுதிக்கும் தலா பத்து கோரிக்கை கேட்டு எழுதினாரே, அந்த மாதிரி. பத்துல ஒண்ணா ஒரு தெருவுக் குழாய் எப்படி வரும்?

மூணாவது மாடி அக்கா, பத்திரத்துக்கு மனு குடுத்த தேதி, ரசீது எல்லாம் வச்சிருக்கீங்களா? இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. வாயால கேட்டா "பார்த்துக்கலாம்"னுதான் வரும், நானும் அனுபவிச்சேன்.

எங்க தெருவுல இப்ப சாக்கடை வாடை இல்ல. தண்ணி மஞ்சளா வருது. அதே நோட்டுல அடுத்த பக்கம் எழுத ஆரம்பிச்சுட்டாங்க.