வீட்டில் அடைசலைக் குறைத்தால் மனம் லேசாகுமா?

காலிஅலமாரி:
மூன்று வாரமாக வீட்டை ஒழித்தேன். எப்போதோ போன போன்களின் சார்ஜர்கள், பூட்டே இல்லாத சாவிகள், இயந்திரம் பழுதாகி வருடங்கள் ஆன உத்தரவாத அட்டைகள். ஐந்து பெட்டி வெளியே போனது. இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது. இது வெறும் பிரமை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் வேலைக்குப் போகும் தம்பதியரை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. தங்கள் வீட்டை அடைசலாகவும் அரைகுறையாகவும் விவரித்த பெண்களுக்கு, நாள் முடியும்போது இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. எல்லோரும் வேண்டாததைத் தூக்கிப் போடுங்கள் என்பேன்.

பழையபெட்டி:
அந்த ஆய்வில் யாரும் பொருள்களை எண்ணிக் கணக்கிடவில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அவர்கள் சொன்ன வார்த்தைகளைத்தான் எண்ணினார்கள். சோர்ந்த மனசுக்கு வீடு அடைசலாகத் தெரிந்திருக்கலாம் அல்லவா? எது முந்தியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்கு இது வாதத்துக்காகப் பேசும் விஷயம் இல்லை. அப்பா இறந்த இரண்டாம் மாதம், "அறையைக் காலி செய்தால் உனக்கு நிம்மதி" என்று சொந்தக்காரர்கள் ஒரே நாளில் துடைத்துவிட்டார்கள். அவர் கையெழுத்தில் இருந்த கணக்கு நோட்டும் போனது. சுழித்துச் சுழித்து '2' போடுவார். அதை இனி எங்கே பார்ப்பேன்? நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். நான்கு வருடம் ஆகியும் ஆறவில்லை.

காலிஅலமாரி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. 'எல்லோரும்' என்று நான் எழுதியது தவறு. ஆனால் நினைவுப் பொருளுக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்த சோதனை, 2017இல் வெளியானது. "படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்" என்று கேட்ட விடுதிகளில் 613 பொருள்கள் வந்தன. சும்மா கேட்ட இடங்களில் 533. நினைவு பத்திரமாக இருந்தால் கை தானாகத் திறக்கிறது.

பழையபெட்டி:
படம் எடுக்கவும் எனக்கு அவகாசம் தரவில்லையே.

நடுக்கூடம்:
இருவரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். எடுத்த இடத்தில் திருப்பி வைப்பது யார் வேலை? 2010 ஆய்வின் அந்த முடிவு மனைவியரைப் பற்றியது. இதைச் சும்மா கடந்துபோகக் கூடாது. நாற்காலியில் கிடக்கும் துணி ஒருவர் கண்ணுக்குத் துணி, இன்னொருவருக்கு முடிக்காத வேலை. எங்கள் வீட்டில் முதலில் அழகழகான கூடைகள் வாங்கினோம். அடைசல் கூடைக்குள் போனது, அவ்வளவுதான். அப்புறம் அவரவர் பொருளை அவரவரே படுக்கும் முன் எடுத்து வைப்பது என்று பிரித்துக்கொண்டோம். எதையும் தூக்கிப் போடாமலே எனக்கு மூச்சு வந்தது.

இன்னொன்று. எதையுமே விட முடியாமல் தவிப்பது சிலருக்கு நோய். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதைத் தனிக் கோளாறாகவே சேர்த்தது. அவர்கள் வீட்டை வலுக்கட்டாயமாகக் காலி செய்தால் நம்பிக்கைதான் உடையும், பொருள் திரும்பவும் சேரும்.

காலிஅலமாரி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டிலும் ஒரு பெட்டி என் தங்கையுடையது. கேட்காமல் கட்டி வைத்திருக்கிறேன். இன்றே போன் செய்கிறேன்.

பழையபெட்டி:
கேளுங்கள். அது போதும். என் மேசையடியில் கிடக்கும் வயர்களை நானும் இந்த வாரம் பிரித்துப் பார்க்கிறேன். அவற்றில் அப்பாவுடையது எதுவும் இல்லை.