கட்டா பெர்ச்சா: ‘தாபான்பால்’ சரிவருமா?

> கெத்தா என்பதே நம் ‘கெட்டி’தானே? ‘கெட்டிப்பிசின்’ என்று வைத்துவிடலாம்.

வணக்கம் ஐயா. கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளுக்கு நீங்கள் சொன்ன இந்தத் தமிழ்ப் பெயரை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ‘கட்டா’வுக்கு மூலமான கெத்தா மலாய்ச் சொல். மரத்தில் வடியும் பால் என்று பொருள். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கொண்டாடினால் நாம் ஆக்கும் மற்ற சொற்களையும் யாரும் நம்பமாட்டார்கள். பெர்ச்சா என்றால் மலாயில் கந்தல் துணி. சுமத்ராவின் பழம்பெயரும் புலாவ் பெர்ச்சாதான். இந்தப் பால் தரும் மரத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் தாபான்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பரவலாகப் போனது நம் சிங்கப்பூர் வழியாக. இங்கே மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி, மலாய்த் தொழிலாளி ஒருவரின் பாராங் கத்திப் பிடியில் இந்தப் பொருளைக் கண்டார். 1843இல் மாதிரிகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி பிசையலாம், ஆறினால் இறுகிவிடும், கடல்நீரிலும் கெடாது. கடலடித் தந்திக் கம்பிக்கு வேறென்ன வேண்டும்? 1871இல் சென்னையைப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரோடு இணைத்த கம்பிக்கும் இதுதான் உறை. ரப்பர் போல் கீறினால் பால் தாராளமாக வடியாது என்று மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.

எனக்கு இப்போது இந்தச் சொல் தேவைப்படுவது பல் மருந்தகத் துண்டறிக்கைக்கு. ரூட் கெனால் செய்தபின் பல்வேருக்குள் அடைக்கிறார்களே, ஈர்க்குச்சி போல நுனி கூர்த்த இளஞ்சிவப்புக் குச்சி, அதுவும் கட்டா பெர்ச்சாதான். போன வாரம் ஒரு பாட்டிக்கு விளக்க வேண்டியிருந்தது. ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ‘கெத்தா’ என்று நான் சொன்னதுமே, “பால்னு சொல்லேன்யா. மங்குல உறைஞ்சு கெடந்தாலும் எங்களுக்கு அது பால்தான்” என்றார்.

அங்கேதான் சொல் கிடைத்தது. ‘பிசின்’ என்றால் ஒட்டுகிற பொருள்தான் நினைவுக்கு வரும். ‘கெட்டிப்பால்’ என்றால் தேநீரில் ஊற்றும் டின் பால். ‘தாபான்பால்’ என்றால் மரத்தின் பெயரும் நிற்கிறது, நம் தோட்டத்துச் சொல்லும் நிற்கிறது. மலாயிலும் ‘கெத்தா தாபான்’ என்ற வழக்கு உண்டு.

குச்சிக்குத் ‘தாபான்பால் குச்சி’ போதும். முதல் தடவை மட்டும் பக்கத்தில் ‘கட்டா பெர்ச்சா’ என்று போட்டுவிடலாம்.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.